லில்லிக்கு நான் போட்ட விருந்து

சோறு பரிமாறும்போது "போதும்" என்று யார் சொன்னாலும் என் காதில் விழாது. எங்கள் கொங்குப் பக்கத்தில் பலருக்கும் உள்ள குறைதான். ஆனால் அதை ஒரு நாயிடம் காட்டி, அதன் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

தொண்ணூறுகளின் நடுவில், கருமத்தம்பட்டியில் நாங்கள் குடித்தனம் தொடங்கிய புதிது. என் மனைவி சாந்தி பீரோ, கட்டிலோடு லில்லியையும் கூட்டி வந்திருந்தாள். குட்டியிலிருந்து அவள் வளர்த்த பொமரேனியன். ஒருமுறை பரீட்சை எழுத மூன்று நாள் கோவைக்குக் கிளம்பினாள்.

"ஏனுங்க, வெறுஞ்சோறு, உப்புப் போடாத கோழிக்கறி. ரெண்டு நேரம். வேற எதையும் குடுத்துப்போடாதீங்க."

முதல் நாள் அப்படியே வைத்தேன். லில்லி தின்று முடித்துவிட்டு என்னையே பார்த்தது. (நாய் என்றால் எல்லாரையும் அப்படித்தான் பார்க்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.) மாமனார் வீட்டிலிருந்து வந்த ஜீவனுக்கு உப்பில்லாச் சோறா என்று எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டில் காதுகுத்து. பந்தியில் போட்டதிலெல்லாம் லில்லிக்கும் ஒரு பங்கு கட்டி வந்தேன். பருப்புப் பூரணம் வைத்த ஒப்புட்டின் மேல் நெய் குறைவாகத் தெரிந்ததால் நானே ஊற்றினேன்.

மூன்றாம் நாள் காலையில் வாந்தி, கழிச்சல். லில்லியால் தலையைத் தூக்க முடியவில்லை. சாயங்காலம் சாந்தி வந்துவிடுவாள். துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"என்ன சாப்ட்டுச்சுங்க?" என்றார் டாக்டரம்மா.

"எப்பவும் போடற சோறுதானுங்க."

"அப்பிடீன்னா இது தொத்து நோயா இருக்கலாமுங்க. அதுக்கான வைத்தியத்தை ஆரம்பிச்சர்றேன். ரோசன பண்ணிச் சொல்லுங்க, வேற ஒண்ணுமே குடுக்கலீங்களா?"

என் பொய்க்கு வைத்தியம் பார்த்தால் நாய் செத்துவிடும் என்று அப்போதுதான் உறைத்தது.

"ஒப்புட்டு குடுத்தனுங்க."

"எத்தனை?"

"நாலுங்க. அப்புறம் கறிக்கொழம்பு, ஈரல் வறுவல், எலும்பு..."

டாக்டரம்மா மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு, நான் சொன்னதையெல்லாம் வரிசையாக எழுத ஆரம்பித்தார். பின்னால் கன்றுக்குட்டியோடு நின்றவர், "அந்தக் காதுகுத்துக்கு நானும் வந்திருந்தனுங்க. தயிர்வடையும் போட்டாங்களே," என்றார்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணுங்க," என்றேன்.

அவர் திட்டவில்லை. வயிற்றை அமுக்கிப் பார்த்து, எலும்பு சிக்கவில்லை என்றார். ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றினார். பன்னிரண்டு மணி நேரம் சோறு கூடாது, தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக; பிறகு பழைய வெறுஞ்சோறே போதும் என்று சீட்டின் முன்பக்கம் எழுதினார். "நெய்யும் மசாலாவும் நமக்குத்தானுங்க ருசி. சாப்பாட்டைத் திடீர்னு மாத்துனா இதுக வயிறு தாங்காதுங்க."

சாயங்காலம் சாந்தி சீட்டின் இரண்டு பக்கத்தையும் படித்தாள். லில்லியை மடியில் போட்டுத் தடவிக் கொடுத்தாள். லில்லி வாலை லேசாக ஆட்டிய பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு ஒரு நாளாச்சும் இப்பிடிப் பரிமாறியிருக்கீங்களா?"

லில்லி அதன்பின் ஒன்பது வருஷம் எங்களோடு இருந்தது. ஒரு கேள்வியை இரண்டாம் முறையும் பொறுமையாகக் கேட்ட அந்த டாக்டரம்மாவை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். கன்றுக்குட்டிக்காரரையும்தான்.

போன மாதம் பேரனுக்குக் காதுகுத்து. என்னென்ன சமைப்பது என்று சமையல்காரர் கேட்டதும், சாந்தி பீரோவிலிருந்து அந்தப் பழைய சீட்டை எடுத்துக் கொடுத்தாள். அவர் பின்பக்கத்தைத் தலையாட்டிக்கொண்டே படித்தார். முன்பக்கம் திருப்பியதும் குழம்பிப் போனார்.

"பன்னெண்டு மணி நேரம் பட்டினின்னு எழுதியிருக்குதுங்களே, அது ஆருக்குங்க?"

"இவருக்குங்க," என்று சாந்தி என்னைக் காட்டினாள்.