டிவிக்கு வைத்த பொட்டு

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. வீட்டுக்கு யாராவது வந்தால் காபியை டம்ளரில் ஊற்றி, மகன் பிரபு கையில் கொடுத்தனுப்பிவிட்டு, ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுகொள்வேன். அந்த இடைவெளி எனக்கென்றே விட்டது மாதிரி அளவாக இருக்கும். (இப்போது உடம்பு கொஞ்சம் பூசிவிட்டதால் இடுக்கு பற்றுவதில்லை.) அப்படிப்பட்ட நான், எங்கெங்கோ ஊர்களில் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய கூட்டத்துக்கு முன்னால், கையில் கரண்டியோடு, வாதாடியிருக்கிறேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அதற்குக் காரணம் எங்கள் வீட்டு டிவி.

பிரபுவுக்குக் கல்யாணமாகி மருமகள் நிவேதா எங்கள் செம்பாக்கம் வீட்டுக்கு வந்த சமயம் அது. திருச்சிப் பெண். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே. சாமான்களோடு அவளுடைய கம்ப்யூட்டர் திரையும் வேனில் வந்தது. வழியில் அதன்மேல் என் சம்பந்தியம்மா கொடுத்தனுப்பிய இட்லிக் குண்டான் சாய்ந்து, திரை முழுக்கச் சிலந்திவலை போல விரிசல் விட்டுவிட்டது. அந்தப் பெண் முகம் வாடிப்போயிற்று. வேலைக்காக என்றுதான் நான் நினைத்தேன்.

"வேலைக்கு லேப்டாப் இருக்கும்மா. இது அவ கேம் ஆடுறதுக்கு" என்றான் பிரபு.

கேம் என்றால் நான் பல்லாங்குழி அளவில் யோசித்தேன். மறுநாளே பிரபு செட்டாப் பாக்ஸ் வயரைப் பிடுங்கிவிட்டு, ஹாலில் இருந்த பெரிய டிவியில் அவளுடைய கம்ப்யூட்டரைச் செருகினான். திரையில் ஒரு துப்பாக்கி வந்தது. எங்கள் வீட்டுக்கு வந்த பெண், வாசலில் கோலம் போட்ட கையைத் துடைத்துக்கொண்டு, பாயில் உட்கார்ந்து, பத்துப் பேரைச் சுட்டாள்.

முதலில் டிவி ஒத்துழைக்கவில்லை. ஓரமெல்லாம் வெட்டுப்பட்டு, எத்தனை குண்டு மிச்சம் என்பதே தெரியவில்லை. இவள் சுட்டால் டிவிக்காரன் சற்று யோசித்துவிட்டுத்தான் சுட்டான். அதற்குள் எதிராளி இவளைச் சுட்டுவிடுவான். பிரபு ரிமோட்டை நோண்டி 'கேம் மோட்' என்று ஒன்றைப் போட்டதும் எல்லாம் சரியாயிற்று. ஆனால் அன்றிலிருந்து என் சீரியல் பெண்கள் எல்லாரும் குளிரில் வெடவெடத்தது மாதிரி நீலம் பாரித்துப் போனார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சரி செய்திருப்பாள். ஆனால் எங்களுக்குள் அப்போது நடந்த பேச்சு முழுவதும் "சாப்பிட்டியாம்மா?", "சாப்பிட்டேன் அத்தை" என்பதோடு சரி. அவளும் என்னைப் போலவே வாய் திறக்காத ஜாதி. ஒருவர் மனசு நோகக் கூடாதென்று ஒருவர் நடுங்கிக்கொண்டிருந்தோம்.

ஆயுத பூஜை வந்தது. தாம்பரம் மார்க்கெட்டில் பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் வாங்கி வந்து, வீட்டில் உழைக்கிற பொருள் ஒன்றையும் விடாமல் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தேன். டிவி முன்னால் வந்ததும் திகைத்து நின்றேன். எங்கள் பழைய டிவிக்கு அகலமாக நெற்றி இருந்தது. இந்தப் புதுசுக்கு முகம் மட்டும்தான், சுற்றிலும் சட்டமே கிடையாது. நெற்றியில்லாத முகத்தில் எங்கே வைப்பது? தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, நட்ட நடுவில் ஒரு துளி சந்தனமும் அதன்மேல் மிளகளவு குங்குமமும் வைத்தேன். அழகாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் நிவேதாவுக்கு ஃபைனல் மேட்ச். அவர்கள் கம்பெனியின் எல்லா ஊர் ஆபீஸ்காரர்களும் கலந்து, அணி அணியாக ஆடுகிற போட்டி. நமக்கு லீவு, மற்ற ஊர்க்காரர்களுக்கு லீவு இல்லை. வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அணியில் இவள் ஒருத்திதான் பெண். இதில் நன்றாக ஆடினால்தான் ஆபீஸில் தன்னை ஒரு ஆளாக மதிப்பார்கள் என்று பிரபுவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சமையலறையில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்த என் காதில் அடுத்து விழுந்தது இது:

"ஐயோ, நடுவுல பொட்டு வச்சிருக்காங்க."

"துடைச்சிடு."

"எப்படிங்க? அத்தை சாமிக்கு வச்சது. துடைச்சா தப்பா நினைச்சுக்க மாட்டாங்களா? இருந்துட்டுப் போகட்டும்."

'துடைச்சுக்கோம்மா' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது, "சுண்டல் வேணுமா?"

ஆட்டம் தொடங்கியது. நிவேதா அன்று ஆடிய ஆட்டம் இருக்கிறதே! நீளமான ஒரு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடினாள், திரும்பினாள், சுட்டாள். சுட்டதெல்லாம் விழுந்தது. கிரிக்கெட்டைத் தவிர எதையும் பார்க்காத என் வீட்டுக்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"அடி சக்கை! நம்ம வூட்டுப் பொண்ணு இன்னா போடு போடுது பாரு!"

திடீரென்று எல்லாம் நின்றது. நிவேதாவின் ஃபோன் அடித்தது, பிரபு எடுத்தான். போட்டியை நடத்துகிற ஜெபராஜ் என்பவர் வீடியோவில் வந்தார். கூடுவாஞ்சேரிக்காரராம்.

"நிவேதா, ஒரு கம்ப்ளைன்ட் வந்திருக்கும்மா. அந்தக் கன்னை எடுத்தா ஸ்க்ரீன்ல குறி பார்க்கப் புள்ளி வராது. கன் மேல இருக்கற கண்ணாடி வழியாப் பார்க்காம எப்படி எல்லாமே நெத்தியடியா விழுதுன்னு கேக்கறாங்க. உன் ஸ்க்ரீனைக் காட்டு."

பிரபு ஃபோனை டிவி பக்கம் திருப்பினான். நட்ட நடுவில் என் குங்குமம். ஃபோனுக்குள் ஏழெட்டுக் குரல்கள் ஒரே சமயத்தில் "ரெட் டாட்! ரெட் டாட்!" என்று கத்தின. திரை நடுவில் புள்ளி ஒட்டிக் குறி பார்ப்பது ரொம்பப் பழைய திருட்டுத்தனமாம். எனக்கென்ன தெரியும்?

"சார், அது குங்குமம்..." என்றாள் நிவேதா. யாரோ சிரித்தார்கள்.

"குங்குமத்தை யாரும்மா அளவெடுத்து சென்டர்ல வைப்பாங்க?" என்றார் ஜெபராஜ். "சீட்டிங்னு முடிவானா உன் டீமையே வெளிய அனுப்பணும். ஆபீஸ்லயும் பேர் கெட்டுடும்."

நிவேதாவின் கண் நிறைந்துவிட்டது. அப்போதும் 'என் மாமியார்தான் வச்சாங்க' என்று அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. கரண்டியோடு ஹாலுக்குள் பாய்ந்தேன். நேராக டிவி முன்னால் போய் நின்று, அதில் துப்பாக்கியோடு நின்றிருந்த ஆளைக் கும்பிட்டு, "வணக்கம் சார், அந்தப் பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்ல" என்றேன்.

"அம்மா, அங்க இல்ல. இங்க!" என்று பிரபு ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். அதில் கட்டம் கட்டமாக முகங்கள். பார்த்ததும் என் கால் தானாகவே ஃபிரிட்ஜ் பக்கம் நகர்ந்தது. ஆனால் ஃபிரிட்ஜிலும் பொட்டு இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது.

"இந்தாங்க சார், பாருங்க! நான்தான் வச்சேன். இன்னைக்கு ஆயுத பூஜை. இதோ ஃபிரிட்ஜு. இதோ மிக்சி. பிரபு, இப்படி வாடா, கிரைண்டரைக் காட்டு!"

பிரபுவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினேன். வாஷிங் மெஷின், இஸ்திரிப் பெட்டி, தண்ணி மோட்டார், வாசலில் ஸ்கூட்டர், என் வீட்டுக்காரர் பிபி பார்க்கிற மெஷின். ("அதை ஏண்டி காட்டற, எனக்கு பிபி கீதுன்னு ஊருக்கே சொல்லணுமா?" என்று பின்னாலிருந்து அவர்.) ஜெபராஜ் மற்றவர்களுக்கு இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் அலமாரிக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்த அந்த விரிசல் விட்ட திரையைக் காட்டினேன். அதன் நடுவிலும் பொட்டு.

ஜெபராஜ் சிரித்துவிட்டார். "உடைஞ்சு போன மானிட்டருக்குமா வச்சீங்க?"

"அதுவும் இந்தப் பொண்ணுக்காக உழைச்சதுதானே சார்?" என்றேன்.

திரும்பிப் பார்த்தால் நிவேதா வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் தங்களுக்குள் இங்கிலீஷில் என்னவோ பேசினார்கள். ஏமாற்று வேலை இல்லை, ஆனால் எடுத்த பாயிண்ட் செல்லாது, பொட்டைத் துடைத்துவிட்டுக் கடைசி ரவுண்டு ஆடலாம், ஜெயிக்கிற அணிக்குக் கோப்பை என்று தீர்ப்பாயிற்று.

அங்கேயே விட்டிருந்தால் நான் பெரிய மனுஷி. விடவில்லை. "நானே துடைக்கிறேன்" என்று ஓடினேன். கையில் கிடைத்த ஈரத்துணியால் ஒரு இழு இழுத்தேன். அது வடை மாவுக் கையைத் துடைத்த துணி. சந்தனம், குங்குமம், எண்ணெய், உளுத்தமாவு எல்லாம் சேர்ந்து டிவி முழுக்கப் பரவின. அழுத்தித் தேய்க்கத் தேய்க்கத் திரை மஞ்சள் காப்பு சாத்திய அம்மன் மாதிரி ஆகிக்கொண்டே போனது. அதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது.

"அத்தை, நகருங்க, நகருங்க!"

அந்த மஞ்சள் பனிக்குள் யாரோ ஓடி வந்தார்கள். நிவேதா சுட்டாள். ஆள் சுருண்டு விழுந்தான்.

"பிரமாதம்!" என்று கைதட்டினார் என் வீட்டுக்காரர்.

"போச்சு மாமா" என்றாள் நிவேதா. "அது எங்க டீம் லீடர்."

பூனாவில் உட்கார்ந்திருந்த அந்த மனுஷன் இந்தியில் அலறியது எங்கள் ஹால் வரை கேட்டது. அதோடு ஆட்டம் முடிந்தது. கோப்பை எதிரணிக்குப் போயிற்று. நான் துணியைப் பிடித்துக்கொண்டு டிவி பக்கத்தில் இன்னொரு துணி மாதிரி நின்றேன். பூமி பிளக்காதா என்று பார்த்தேன். பிளக்கவில்லை.

நிவேதாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். சிரிக்கிறாள்! "அத்தை... துப்பாக்கிக்காரனுக்குப் போயி... வணக்கம் சொன்னீங்களே!" என்று சொல்லிவிட்டு என் மடியிலேயே விழுந்து சிரித்தாள். எனக்கும் பொத்துக்கொண்டு வந்தது. நான் அவ்வளவு சத்தமாகச் சிரித்து என் வீட்டுக்காரரே கேட்டதில்லை. அவர் பயந்து போய் எழுந்து நின்றுவிட்டார்.

அடுத்த வருஷம் அந்தப் போட்டிக்கான விதிமுறைகள் வந்தபோது நிவேதா அதை எனக்குப் படித்துச் சொன்னாள். புதிதாக ஒரு விதி சேர்த்திருந்தார்கள்: திரையின்மேல் ஸ்டிக்கர், மை, சந்தனம், குங்குமம் எதுவும் இருக்கக் கூடாது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்காக அத்தனை பெரிய கம்பெனி தனியாகச் சட்டம் போட்டிருக்கிறது. ஆயுத பூஜையன்று நான் குங்குமச் சிமிழை எடுத்தால் போதும், வீட்டில் மூன்று பேரும் கோரஸாக அந்த விதியைச் சொல்வார்கள். சொந்தக்காரர் கல்யாணங்களில்கூட "சட்டம் போட வச்ச அத்தை" என்றுதான் என்னை அறிமுகப்படுத்துகிறாள் நிவேதா.

இப்போது அவளுக்குத் தனியாக மானிட்டர் வந்துவிட்டது. அதைத் தாங்குகிற ஸ்டாண்டின் காலில்தான் நான் பொட்டு வைக்கிறேன். வைத்ததும் அவள் அதை வீடியோவில் தன் அணிக்குக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். கூடவே நானும் தலையைக் காட்ட வேண்டுமாம். பூனாக்காரர் அந்தப் பக்கமிருந்து எழுந்து நின்று, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "அத்தை, என்னைச் சுடாதீங்க!" என்கிறார். தமிழில் அவருக்குத் தெரிந்த ஒரே வாக்கியம் அதுதான்.