சொன்னபடி செய்த கம்ப்யூட்டர்

அன்றைக்கு வேலை சின்னதுதான். அறுபது பாட்டுத் தாள் அச்சடிக்க வேண்டும்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிஷன் பிலோமினாவின் மகளுக்கு மறுநாள் காலை சேர்ச்சில் கல்யாணம். பாட்டுகளை டைப் பண்ணிவிட்டேன். பிரிண்டரும் புதுசு. ஆனால் என் பழைய கம்ப்யூட்டர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிலோமினா எட்டிப் பார்த்தாள். "என்னண்ணே ஆச்சு?"

"பிரிண்டருக்கு டிரைவர் இல்லம்மா."

"லொறி ஓட்டுற நம்ம செல்வம் சும்மாதானே இருக்கான். கூப்பிடவா?"

இது ஆள் இல்லை, பிரிண்டரை இயக்கும் மென்பொருள் என்று சொல்லிவிட்டு, அதை விற்ற பலாங்கொடைக் கடை ரிஸ்வான் நானாவுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, ஒங்க சிஸ்டம் முப்பத்திரெண்டு பிட். இதுக்கு அறுபத்திநாலு வேணும். பழசை அழிச்சிட்டுப் புதுசா போடுங்க."

"அழிக்காம அப்படியே மாத்த முடியாதா நானா?"

"ஏலும். ஆனா கொழுந்து எடுக்கிறவங்களைக் கூடையோட ரப்பர் மலைக்கு அனுப்புற மாதிரி. மரத்தைப் பாத்துக்கிட்டு நிப்பாங்க. வேணாம்ணே, அதுவும் கல்யாணத்துக்கு மொத நாள்!"

கேட்டேனா? எல்லாம் நானே படித்துக் கற்றவன் என்ற கொழுப்பு!

அறுபத்திநாலை இறக்கினேன். முப்பத்திரண்டை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். நடுவில் கம்ப்யூட்டர் நின்றது. இதைக் கழற்றினால் ஆபத்து, மீறிச் செய்வதென்றால் 'ஆமாம், நான் சொன்னபடி செய்!' என்று இங்கிலீஷில் பிசகாமல் டைப் பண்ணு என்றது.

நாற்பது வருஷம் தோட்டத்து ஆபீசில் துரை சொன்னபடி செய்தவன் நான். வீட்டில், மறைந்த என் சம்சாரம் சொன்னபடி. யாருக்கும் ஒரு கட்டளை போட்டதில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுத்தெழுத்தாகக் குத்தினேன்.

செய்தது! அட்சரம் பிசகாமல் செய்தது. தன் உயிர்நாடியைத் தானே கழற்றிப் போட்டது!

அதன்பிறகு எதைக் கேட்டாலும் 'அப்படி ஒன்று இல்லை' என்றது. அணைத்துப் போட்டேன். வெறும் கறுப்புத் திரை.

நானாவுக்கு மறுபடியும் போன்.

"அது கேட்டப்பவாவது நிறுத்தியிருக்கலாமே அண்ணே!"

"இதுவரைக்கும் என்னைய யாரும் அப்படிக் கேட்டதில்ல நானா."

பொழுது சாயும்போது பிலோமினா வாசலில் நின்றாள். "தாள் ரெடியாண்ணே?"

"பாட்டெல்லாம் உள்ளயே மாட்டிக்கிச்சும்மா. நாளைக்குள்ள எடுக்க முடியாது. ஒம் மக கல்யாணத்தையே கெடுத்துட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். "பாட்டு எல்லாருக்கும் மனப்பாடம்ணே. சேர்ச்சு தகரக் கூரை பத்து மணிக்கே கொதிக்கும். விசிறிக்கத்தான் தாள் கேட்டேன்."

வெள்ளைத் தாளாகவே அறுபது கொடுத்தேன். காற்று நன்றாக வந்ததாம்.