பெரிய வாயா, சின்ன வாயா?

மெர்டேக்கா, மெர்டேக்கா என்று மலாக்காவே சுதந்திரக் கொண்டாட்டத்தில் அல்லோலகல்லோலப்பட்ட நேரம் அது. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. நான் கல்யாணமான மறுநாளே சுதந்திரம் வாங்கியவன். மனைவி கமலவேணி எதைச் சொன்னாலும் நேர்மாறாகத்தான் செய்வேன். எங்கள் காஜா பேராங் வட்டாரம் முழுக்க இந்தப் பெருமை தெரியும்.

என் மோட்டார் சைக்கிளின் சிலிண்டரைப் பட்டறையில் கூடவே நின்று கடைய வைத்து, பெரிய பிஸ்டன் போட்டிருந்தேன். என்னைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக் காதர் மைதீனும் அப்படியே செய்தான். ஞாயிற்றுக்கிழமை சுதந்திர ஊர்வலத்தில் நாங்கள் இருவரும் கொடி கட்டி முன்னால் போகவேண்டும். நடுவழியில் வண்டி நின்றால் மானம் கப்பலேறிவிடும். கார்புரேட்டர் ஒன்றுதான் பாக்கி. கடையில் பெரிய வாய் வைத்ததும் இருந்தது, சின்ன வாய் வைத்ததும் இருந்தது.

"பெருசையே போடுங்க. பெரிய எஞ்சினுக்குப் பெரிய வாய்தானே அழகு?" என்றாள் கமலவேணி.

"உனக்கு என்னடி தெரியும்?"

"சத்தம் செமாபோக் வரைக்கும் கேக்கணுங்க!"

"சின்னதுதான் போடுவேன்."

"ஐயையோ, வேணாங்க!"

அந்த ஐயையோ என் காதுக்கு எவ்வளவு குளிர்ச்சி தெரியுமா? உடனே போய்ச் சின்னதை வாங்கி மாட்டினேன்.

ஊர்வலம் ஆமை வேகத்தில் நகர்ந்தது. பெரிய வாய் மாட்டிய மைதீனின் வண்டி இருமியது, கரும்புகை கக்கியது, கடைத்தெரு நடுவில் படுத்தேவிட்டது.

"அண்ணே, கொஞ்சம் தள்ளிவிடுங்கண்ணே!"

"உன் கொடியையும் இங்க கொடு மைதீன். நானே கட்டிக்கிறேன்!"

இரண்டு கொடியோடு ராஜா மாதிரி வீடு திரும்பினேன்.

"பாத்தியா? உன் பேச்சைக் கேட்டிருந்தா நானும் வண்டியைத் தள்ளிக்கிட்டுதான் வந்திருப்பேன்!"

"உங்க மூளை யாருக்குங்க வரும்?"

பூரித்துப்போய்க் குளிக்கப் போனேன். தலைக்குச் சோப்புப் போடும்போது, வேலிப்பக்கம் மைதீன் மனைவி நஜ்முன்னிசாவின் புலம்பல் கேட்டது.

"மெதுவா போனா பெரிய வாயில பெட்ரோல் சரியா கலக்காது, எஞ்சின் மூச்சு முட்டும்னு கடைக்காரர் நம்ம ரெண்டு பேர்கிட்டயும்தானே சொன்னாரு? சின்னதைப் போடுங்கன்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேன்க்கா. எங்க வீட்டுல கேக்கவே இல்ல."

"நேரா சொன்னா எந்தப் புருஷன் கேப்பான்? நான் பெருசைப் போடுங்கன்னுல்ல சொன்னேன்!" என்றாள் என் கமலவேணி.

சோப்பு கண்ணில் எரிந்தது. துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"ஏங்க, வண்டிக்குப் பின்னால எனக்கு ஒரு சீட்டு மட்டும் மாட்டிடாதீங்க. ஜோடியா போனா நாலு பேர் சிரிப்பாங்க."

யோசித்தேன். மாட்டினால் அவள் நினைத்தது நடக்கும். மாட்டாவிட்டால் அவள் சொன்னது நடக்கும். மனைவி சொல்லைக் கேட்டவன் என்ற கெட்ட பெயர் என் பரம்பரைக்கே கிடையாது. ஸ்பானரை எடுத்துக்கொண்டு, "சீட்டு எந்தக் கடையில கிடைக்கும்?" என்று கம்பீரமாகக் கேட்டேன்.

சனிக்கிழமையே வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தாள்.