நாங்கள் கண்டுபிடித்த தாய்லாந்து

புதிய நிலங்களைக் கண்டுபிடிக்கும் வீரம் இன்று உலகத்தில் ஒரே ஊரில்தான் மிச்சமிருக்கிறது. அது நியூ ஜெர்சியின் வெஸ்ட் வின்ட்சர். அந்த வீரர்கள் தினமும் காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயில் நிலையத்தில் பார்க்கிங் தேடிக்கொண்டிருப்பதால் வரலாறு அவர்களைக் கவனிக்கவில்லை.

எங்கள் ‘அசல் அனுபவக் குழு’வின் தலைவர் நஞ்சுண்டன். அடியேன் செயலாளர். எந்த ஊரில் இன்னொரு இந்தியக் குடும்பம் தென்படுகிறதோ, அந்த ஊர் அசல் அல்ல என்பது எங்கள் கொள்கை. இந்தக் கொள்கையின்படி இந்தியர்கள் நிறைந்த பக்கத்து ஊரான எடிசனைப் பல வருடங்களாகப் புறக்கணித்து வருகிறோம், மளிகை வாங்கும் நாட்கள் நீங்கலாக.

வடகிழக்குத் தாய்லாந்தில் ஒரு கிராமப்புற மாவட்டத்தை நஞ்சுண்டன் கண்டுபிடித்தார். அருவி, குகைக்கோயில், பட்டு நெய்யும் ஊர், சனிக்கிழமைச் சந்தை எல்லாம் உண்டு.

“டூரிஸ்டே போகாத எடம்,” என்றார் தன் வீட்டு பேஸ்மென்டில் கூடிய கூட்டத்தில்.

“நாம போனா டூரிஸ்ட் போன எடமாயிடுமே அண்ணா?” என்று கேட்டான் முகுந்த். குழுவில் வயதில் சிறியவன், விவரம் போதாது.

“நாம டூரிஸ்ட் இல்லப்பா. டிராவலர்ஸ்.”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அங்கே சோம்சி என்றொரு பெண். பாங்காக்கில் தையல் ஃபாக்டரி வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பி, வயலோரத்தில் தன் வீட்டு மாடி அறைகளை விருந்தினருக்குத் திறந்து வைத்திருந்தாள். நாங்கள் சைவம் என்றதும் மீன் சாறு படாத புதுப் பானை வாங்கிச் சமைத்தாள். வெயில் தாங்கவில்லை என்று நஞ்சுண்டனின் மனைவி ராஜலக்ஷ்மி சொன்னதும், இருந்த ஒரே ஏசி அறையை, தன் சொந்த அறையை, விட்டுக் கொடுத்துவிட்டு வராந்தாவில் படுத்தாள். சந்தையில் சாப்பிட்டது ராஜலக்ஷ்மிக்கு ஒத்துக்கொள்ளாமல் போனபோது, ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், டாக்டர் வரும்வரை அவள் கையைப் பிடித்தபடி இருந்தாள்.

அருவியில் தண்ணீர் இல்லை. கோடைக்காலம்.

“போட்டோல இருந்த வாட்டர் எங்கம்மா?” என்று தமிழிலேயே விசாரித்தார் நஞ்சுண்டன்.

சோம்சி வானத்தைக் காட்டிச் சிரித்தாள். நஞ்சுண்டன் போனில் ‘நிர்வாகம் சரியில்லை’ என்று குறித்துக்கொண்டார். குகையில் வௌவால்கள் முன்னறிவிப்பின்றிப் பறந்தன. அதுவும் பதிவாயிற்று.

ஊர் திரும்பியதும் மதிப்புரை எழுதும் கூட்டம் நடந்தது. எல்லோரும் இரண்டு நட்சத்திரம் வழங்கினோம். சேவல் விடியும் முன்பே கூவுவதையும், அலாரத்தைப் போல் அதைத் தள்ளிப்போட வசதி இல்லாததையும் நானே எடுத்துரைத்தேன்.

“ராஜி அக்காவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்களே அண்ணா?” என்றான் முகுந்த்.

“அது பர்சனல். ரிவ்யூங்கறது ப்ரொஃபஷனல். அஞ்சு ஸ்டார் குடுத்தா அவங்க எப்படி இம்ப்ரூவ் ஆவாங்க?”

“நான்தான் தேங்க்ஸ் சொல்லிட்டேனே,” என்றாள் ராஜலக்ஷ்மி, வேறெங்கோ பார்த்தபடி.

சில மாதங்கள் கழித்து, மொழிபெயர்ப்பு செயலி வழியாக சோம்சியின் செய்தி வந்தது: ‘ஐயா, உங்கள் கருத்துகளுக்குப் பிறகு யாரும் வருவதில்லை. குறைகளைச் சரிசெய்துவிட்டேன். சேவலைக் கொடுத்துவிட்டேன். தயவுசெய்து மாற்றி எழுத முடியுமா?’

அவசரக் கூட்டம் கூடியது. நஞ்சுண்டனின் மகள் வெண்பா மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “அப்பா, ஜஸ்ட் டிலீட் இட். ஷி ஹெல்ப்ட் அம்மா!”

“டிலீட் பண்ணா என் க்ரெடிபிலிட்டி என்னடா ஆகறது? நான் டாப் ரிவ்யூவர்.”

முகுந்த் எழுந்தான். தன்னுடைய மதிப்புரையை அங்கேயே அழித்துவிட்டு, ஷூவைக் கூடச் சரியாக மாட்டாமல் வெளியேறினான். அவன் இடம் காலி என்று குறிப்பில் எழுதினேன். வெண்பா அறைக்குப் போய் ஐந்து நட்சத்திரத்தோடு ஒன்று எழுதினாள். ஒரே வீட்டு வைஃபையிலிருந்து வந்தது என்பதால் அது போலி என்று நீக்கப்பட்டது. நேர்மை வென்றது.

ஆனால் நஞ்சுண்டன் கல் நெஞ்சர் அல்ல. சோம்சி கேட்டபடியே மதிப்புரையைப் புதுப்பித்தார்: ‘சேவலை நீக்கிவிட்டதால் கிராமத்து அசல்தன்மை குறைந்துவிட்டது.’ ஒரு நட்சத்திரம்.

சோம்சி வீட்டைப் பூட்டிவிட்டு மறுபடி பாங்காக்கில் தைக்கப் போய்விட்டாளாம். விசாரித்துச் சொன்னவள் வெண்பா. அப்பாவிடம் அவள் கடைசியாகப் பேசியதும் அதுதான். “இந்த ஊர்க்காரங்களுக்கு விடாமுயற்சி பத்தல,” என்று நஞ்சுண்டன் வருந்தினார். நாங்களும் ஒரு நிமிடம் வருந்தினோம்.

இப்போது லாவோஸில் ஓர் ஊரைக் கண்டுபிடித்திருக்கிறோம். ஆற்றோரத்தில் ஒருத்தி விருந்தினருக்காக ஆசை ஆசையாக அறை கட்டிக்கொண்டிருக்கிறாளாம். யாரும் அவளை எச்சரித்துவிடாதீர்கள்.