பச்சை நாட்டில் முந்நூறு கிராம்

எடை மெஷினின் முள் எண்பதைத் தொட்டு நின்றது. பூகோள ஆசிரியர் மூச்சை நன்றாக உள்ளே இழுத்துப் பார்த்தார். முள் அசைந்து கொடுக்கவில்லை.

"இழுத்தா உள்ளே காத்துதான் சேரும். வெளியே விடுங்க," என்றாள் மனைவி.

விட்டார். அதற்கும் முள் மசியவில்லை.

விஷயம் மானப் பிரச்சினை. எந்தெந்த நாட்டில் நூறு பெரியவர்களுக்கு எத்தனை பேர் உடல் பருமன் உள்ளவர்கள் என்பதைப் பள்ளித் தாழ்வாரச் சுவரில் பத்தடி உலக வரைபடமாக அவர் தன் கையாலேயே தீட்டியிருந்தார். நாற்பதைத் தாண்டிய நாடுகளுக்கு ரத்தச் சிவப்பு. இருபது, முப்பதுக்கு ஆரஞ்சு. பத்துக்குக் கீழே என்றால் பச்சை. சொந்த நாடு எட்டு. அந்த இடத்துக்கு மட்டும் இரண்டு கோட்டிங் அடித்திருந்தார். பள்ளிக்கு யார் வந்தாலும் முதலில் அங்கேதான் நிறுத்துவார். வாயைக் கட்டத் தெரிந்த ஜனங்கள் என்று சொல்லும்போது அவர் மீசை தானாகவே மேலே ஏறும்.

இந்த வருட உடல் பருமன் கணக்கெடுப்புக்குக் குலுக்கலில் அவர் தெரு விழுந்தது. ஆசிரியர் அறையில் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டதோடு நிறுத்தியிருக்கலாம். தன் எண்ணையும் வரைபடத்துக்குக் கீழே எழுதி வைப்பதாக வாயை விட்டுவிட்டார். உடற்பயிற்சி ஆசிரியர் அன்றைக்கே பெயிண்டும் பிரஷும் வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டார்.

கிலோவை மீட்டர் உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். முப்பது வந்தால் பருமன். எண்பது கிலோ, நூற்று அறுபத்து மூன்று சென்டிமீட்டர். முப்பது புள்ளி ஒன்று வந்தது. முந்நூறு கிராம் குறைந்தால் தப்பிக்கலாம். கணக்கெடுக்க வருவதற்குக் கையில் மூன்று நாள்.

முதல் நாள் பட்டினி கிடந்தார். மாலை நாலு மணிக்குக் கண் இருட்டிக்கொண்டு வர, கணக்கு டீச்சரின் பிறந்தநாள் கேக்கில் பாதியை நின்றபடியே தீர்த்தார். மறுநாள் காலையில் முள் எண்பதரை காட்டியது.

இரண்டாம் நாள் மனைவியின் தம்பி வந்தான். தச்சு வேலைக்காரன். எதற்கும் ஒரு யோசனை வைத்திருப்பவன்.

"எடையையே ஏன் பிடிச்சுத் தொங்குறீங்க அத்தான்? உயரத்தைப் பாருங்க."

கதவு நிலையில் கம்பி பொருத்தி, அத்தானை அதில் தொங்கவிட்டான். கம்பி தாங்கியது. இடுப்புதான் தாங்கவில்லை. அதன்பிறகு அவரால் குனிந்தபடிதான் நடக்க முடிந்தது. மனைவி தையல் டேப்பை எடுத்து வந்து அளந்தாள். நூற்று அறுபத்தொன்று.

"இப்ப முப்பத்தொண்ணு," என்றாள். "ரெண்டு நாள் பாடுபட்டு ஏத்தியிருக்கீங்க."

மச்சான் விடவில்லை. கணக்கெடுக்க வருபவர்களின் மெஷினுக்கு அடியில் மெல்லிய பலகைத்துண்டு ஒன்றைச் சொருகிவிட்டால் எடை குறைத்துக் காட்டும் என்றான். ஆசிரியர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே அவனை முறைத்தார். புள்ளிவிவரத்தில் பொய் கலக்கிறவன் பூகோளம் நடத்தக் கூடாது என்று சொல்லி, பலகையோடு அவனை வெளியே அனுப்பினார்.

மூன்றாம் நாள் கணக்கெடுக்கும் அம்மா வியர்க்க வியர்க்க வந்தார். ஒரு தோளில் மெஷின், மறு தோளில் உயரக் கம்பு. நிற்க வைத்தார், அளந்தார், வகுத்தார். முப்பத்தொன்று. மனைவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆசிரியர் இடுப்பு இடம் கொடுத்த அளவுக்கு நிமிர்ந்தார்.

"எழுதிக்குங்கம்மா. நாளைக்கு நானே அதைச் சுவர்ல எழுதப் போறேன். நான் ஒருத்தன் சிவப்பா இருந்தா என்ன, என் நாடு பச்சை. நூத்துக்கு எட்டே பேர்."

அந்த அம்மா பேனாவை மூடினார்.

"அந்த எட்டு போன தடவை ஃபோன்ல கேட்டு எழுதினது சார், மெஷினைத் தூக்கிட்டு இப்பத்தான் வர்றோம், இந்தத் தெருவுல பதினோரு வீடு முடிச்சாச்சு, இதுவரைக்கும் ஒல்லி நீங்கதான்."