பாலைவனத்தில் ஒரு கிரிவலம்

திருவண்ணாமலைக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. மலையைப் பார்த்தால் மற்ற ஊர்க்காரர்களுக்கு ஏறத் தோன்றும், எங்களுக்குச் சுற்றத் தோன்றும். செருப்பைக் கழற்றிவிட்டு, மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால்தான் எங்கள் கணக்கில் அந்த மலையைப் பார்த்ததாக அர்த்தம். இந்த வியாதியை ராஜஸ்தான் வரைக்கும் கொண்டுபோய், இருந்த கொஞ்சம் மானத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவன் நான்.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் ஊர் பஸ் முதலாளி ஒருவர், ‘கோட்டை, மலை, பாலைவனம்! நிதானமான சுற்றுலா! கைடு உண்டு!’ என்று நோட்டீஸ் அடித்து ஒட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் கைடைத் தேடக் கிளம்பினார். தேரடி வீதி டீக்கடையில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த நான் அகப்பட்டேன்.

“இந்தி தெரியுமில்ல?”

“பரீட்சையில ஃபர்ஸ்ட் கிளாஸ் சார்!”

(பசுமாட்டைப் பற்றி ஒரு பக்கம் மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். வழி கேட்கும் பாடம் எங்கள் புத்தகத்தில் இல்லை. அதுவரை நான் பார்த்திருந்த வடக்கு என்பது வேலூர்.)

முதலாளி பக்திமான். பஸ்ஸின் பின்பக்கம் முழுக்க அண்ணாமலையைப் பெயிண்டில் வரைந்து வைத்திருந்தார். டிரைவர் சலீம் பாய்க்கு அந்த மலைமேல் அலாதிப் பிரியம், தினமும் துணியால் துடைத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்.

பயணிகளில் பெரும்பாலோர் கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயிகள். ஏறும்போதே என் கையைப் பிடித்துக்கொண்டவர் கனகம்மா. அண்ணன் கோவிந்தசாமியோடு வந்திருந்தார்.

“தம்பி, பௌர்ணமிக்குள்ள ஊருக்கு வந்துடுவோம் இல்ல? என் பொண்ணுக்கு வரன் தட்டிகிட்டே போவுது. பன்னெண்டு பௌர்ணமி விடாம மலை சுத்தறேன்னு வேண்டிகிட்டேன். இன்னும் ஒண்ணுதான் பாக்கி. அது தவறிச்சின்னா எல்லாம் போச்சி.”

“கவலையே படாதீங்கம்மா. ரெண்டு நாள் முன்னாடியே வந்துடலாம்” என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது. கைடு என்றால் தைரியமாகப் பேச வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

‘நிதானமான சுற்றுலா’ என்று நோட்டீஸில் போட்டதை எங்கள் ஜனங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். வழியில் கிணற்றைப் பார்த்தால் பஸ்ஸை நிறுத்தி ஆழம் விசாரிப்பார்கள். ஆக்ராவில் அத்தனை பேரும் தாஜ்மகாலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, கோவிந்தசாமி மட்டும் தோட்டத்து வாய்க்கால் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப் போய்விட்டார். ஜெய்ப்பூர் கோட்டையில் யானை ஒரு நாளைக்கு எவ்வளவு தின்னும், சாணியை யார் எடுத்துக்கொள்வார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நகர மறுத்தார். நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். பசுமாட்டுக் கட்டுரையை யானைக்கு மாற்றிச் சொல்லிச் சமாளித்தேன். யானைப்பாகனின் முகத்தில் என்மேல் ஏற்பட்ட பரிதாபம் நன்றாகவே தெரிந்தது.

இப்படி ஊர் ஊராக நாள் தள்ளிப்போய், ஜெய்சல்மேரைத் தாண்டி மணல்காட்டில் இறங்கிய அன்றைக்குப் பௌர்ணமி.

கோவிந்தசாமி குனிந்து ஒரு பிடி மணலை அள்ளி மோந்து பார்த்தார். “அருமையான மணலு. மல்லாட்டை போட்டா பிச்சிகிட்டு வரும். தண்ணிதான் கம்மி” என்றார். (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று பெயர்.) கனகம்மா எதையும் பார்க்கவில்லை. பஸ் படியில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நீதான தம்பி சொன்ன, வந்துடலாம்னு?”

சுற்றுமுற்றும் பார்த்தேன். ரோட்டிலிருந்து சற்றுத் தள்ளி உயரமாக ஒரு மணல்மேடு நின்றது.

“அம்மா, அதுவும் மலைதானே? அதைச் சுத்தினா என்ன?”

“மணலப் போயி மலைன்றியே!”

யாரும் எதிர்பாராமல் கோவிந்தசாமி என் கட்சிக்கு வந்தார். “ஏம்மா, நம்ம மலை ஒரு யுகத்துல நெருப்பா இருந்துச்சி, இன்னொரு யுகத்துல பொன்னா இருந்துச்சி, இப்ப கல்லா இருக்குது. அடுத்த யுகத்துல மணலா ஆவாதுன்னு யாரு கண்டது? நாம அட்வான்ஸா சுத்திடலாம்.”

சபை ஒத்துக்கொண்டது. மேட்டின் அடியில் எல்லோரும் செருப்பைக் கழற்றினோம். “இந்தச் செருப்புக் குவியல்தான் அடையாளம். திரும்பி வரும்போது இங்கே முடிக்கிறோம்” என்று நான் கையை உயர்த்தி அறிவித்தேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்ட கடைசித் தருணம் அது. சலீம் பாய் மட்டும் டீ போடுகிறேன் என்று பஸ்ஸிலேயே இருந்துவிட்டார்.

கிரிவலத்தில் நிறைமாத கர்ப்பிணியைப் போல நிதானமாக நடக்க வேண்டும் என்பார்கள். வெயில் தாழ்ந்திருந்தும் மணலின் சூடு தாழவில்லை. வாணலியில் வறுபடும் மல்லாட்டை மாதிரி துள்ளித் துள்ளித்தான் போனோம். மேட்டை வலப்பக்கம் வைத்துக்கொண்டு நடந்தோம், நடந்தோம், நடந்துகொண்டே இருந்தோம். ஒரு மேடு முடியும் இடத்தில் அடுத்த மேடு ஒட்டிக்கொண்டு ஆரம்பித்தது. எது நம்முடையது, எது அடுத்தவருடையது என்று எந்த மேட்டிலும் எழுதி வைத்திருக்கவில்லை. நடுவில் காற்று வேறு கிளம்பி, வந்த தடத்தையெல்லாம் வழித்துத் துடைத்துவிட்டது.

ஒட்டகத்தோடு ஒரு பெரியவர் எதிரில் வந்தார். என் ஃபர்ஸ்ட் கிளாஸ் இந்தியில் வழி கேட்டேன். அவர் பேசிய பேச்சில் எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. என் கட்டுரையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

ஒரு வழியாகப் புறப்பட்ட இடம் மாதிரியே இருந்த ஓர் இடத்துக்கு வந்தோம். செருப்பைக் காணோம். காலால் கிளறிப் பார்த்தோம், கையால் தோண்டிப் பார்த்தோம். ஒரு வார்கூட அகப்படவில்லை.

“தம்பி, நாம மலைய சுத்தினோமா, இல்ல மலை நம்மள சுத்திச்சா?” என்றார் கோவிந்தசாமி.

கனகம்மா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். “ஆரம்பிச்ச எடமே இல்லாத ஒரு சுத்தா? இதுக்குத்தான் வருசம் முழுக்க நடந்தனா? என் பொண்ணுக்கு நான் இன்னாடா பதில் சொல்லுவேன்?”

அந்த அழுகையைக் கேட்டு எனக்கும் அழுகை வந்துவிட்டது. (மற்றவர்கள், கைடு கண்ணில் மணல் விழுந்துவிட்டது என்று நினைத்து ஊதிவிட வந்தார்கள்.)

அப்போதுதான் ஹாரன் சத்தம் கேட்டது. அந்தப் பிளிறலை எங்கே கேட்டாலும் அடையாளம் தெரியும், சலீம் பாய்தான். சத்தம் வந்த பக்கம் ஓடினோம். சூரியன் இறங்கியிருந்தது. கடைசி மேட்டைத் தாண்டியதும் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம்.

பஸ்ஸின் பின்பக்கம் எங்களைப் பார்த்து நின்றது. எங்கள் அண்ணாமலை! ஹாரன் போதாது என்று நினைத்தாரோ என்னவோ, நாங்கள் வந்து சேர்வதற்குள் சலீம் பாய் பஸ் கூரைமேல் ஏறி, அரிக்கேன் விளக்கைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தார். மலையின் உச்சிக்கு நேர் மேலே விளக்கு எரிந்தது.

“அண்ணாமலையாருக்கு அரோகரா!” என்று கனகம்மா போட்ட சத்தத்தில் பாய் கூரையிலிருந்து விழப் பார்த்தார்.

“இன்னாம்மா ஆச்சி? டீ ஆறிப்போவுதேன்னுதான் கூப்ட்டேன்.”

“எறங்காதீங்க பாய்! அப்படியே நில்லுங்க! வெளக்க கீழ எறக்காதீங்க!”

கனகம்மா பஸ்ஸைச் சுற்ற ஆரம்பித்தார். பின்னால் அண்ணன், அவர் பின்னால் நாங்கள் எல்லோரும். கோவிந்தசாமி நடந்துகொண்டே, மலைச் சுற்றளவுக்கு எத்தனை பஸ் சுற்று சரியாக வரும் என்று கணக்குப் போட்டுப் பாதியில் கைவிட்டார். எதிரே மணல்மேட்டில் அந்த ஒட்டகப் பெரியவர் நின்று வேடிக்கை பார்த்தார். நிலா நன்றாக மேலே வரும்வரை பாய் கை மாற்றிக் கை மாற்றி விளக்கைப் பிடித்தார். “நம்மளாலயும் ஒரு நல்ல காரியம் நடக்கட்டும்மா, நீங்க சுத்துங்க” என்றாரே தவிர முகம் சுளிக்கவில்லை.

மறுநாள் ஜெய்சல்மேர் கடைவீதியில் எல்லோருக்கும் செருப்பு வாங்க வேண்டியதாயிற்று. அங்கே கிடைத்தது மூக்கு வளைந்த ராஜா காலத்து ஜோடு. அதைப் போட்டுக்கொண்டு நாங்கள் வரிசையாகத் திருவண்ணாமலையில் இறங்கிய காட்சியைப் பார்த்த முதலாளி, அதற்கப்புறம் என்னைக் கைடாக எங்கேயும் அனுப்பவில்லை.

வேண்டுதல் என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? தை பிறந்ததும் கோவிந்தசாமி அந்த மூக்கு வளைந்த ஜோடோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். “பையனுக்கு வழி தெரியாது. ஆனா எங்க தங்கச்சி அழுததுக்கு இவனும் அழுதான். அது போதும்” என்று என் அப்பாவிடம் சொல்லிவிட்டு, கனகம்மா பெண்ணின் ஜாதகத்தை எடுத்து வைத்தார். கல்யாணத்தில் சலீம் பாய்க்கு முன்வரிசை நாற்காலி. என் மாமியார் இன்றைக்கும் அவரைக் கண்டால், “மலை வந்துடுச்சி, எழுந்து நில்லுங்க” என்பார்.

மார்க்கெட்டுக்குப் போய் நான் வழி தவறி நேரம் கழித்து வரும் நாளெல்லாம் என் மனைவி ஆரம்பிப்பாள். “எங்கம்மா ஒழுங்கா மலைய சுத்தியிருந்தா பேங்க் மாப்பிள்ள கெடைச்சிருப்பான். பஸ்ஸ சுத்தனாங்க, வழி தெரியாத கைடு வந்து வாய்ச்சான்.”

“சும்மா இருடி” என்று உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வரும். “அந்த மணல சுத்தி முடிச்சிருந்தா மாப்பிள்ளையும் காத்தடிச்சா நகந்து போற ஆளா அமைஞ்சிருப்பாரு. பஸ்ஸ சுத்தனதாலதான், எங்க சுத்தனாலும் ராத்திரிக்கு ஷெட்டுக்கு வந்துடறாரு.”