என் பேரைப் போடாதே, நாஜியா

சட்டசபை வாசல் வரைக்கும் போய்விட்ட என் அருமை மகள் நாஜியாவுக்கு, யாங்கோன் லத்தாப் பேட்டையிலிருந்து வாப்பா அப்துல் பாரி சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையில் நானும் உம்மாவும் சுகம். கரண்டுதான் சுகமில்லை. சோதனைச் சாவடியில் போனைத் திறந்து பார்க்கிறார்கள் என்பதால், பாங்காக் போகும் நம்ம சிநேகிதர் ஜமால் கையில், அங்கிருந்து தபாலில் போடச் சொல்லி இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அமெரிக்காவில் உங்கள் மாகாணத்தில் போலீஸ் ஒருவரை நிறுத்தினால் காரணம் எழுதித் தர வேண்டும், நிறத்தைப் பார்த்து நிறுத்தக் கூடாது என்று சட்டம் கேட்கிறீர்கள். அதற்காக நீ சபையில் பேசப் போகிறாய். "உங்களுக்கு நடந்ததிலிருந்துதான் ஆரம்பிக்கணும், பேரோட எழுதிக் குடுங்க வாப்பா" என்கிறாய். நல்லா இருக்கு புள்ள! நீ அங்கே மைக்கில் பேசுவாய், அது ஃபேஸ்புக்கில் ஏறும், இங்கே என் கடைக் கதவைத் தட்டுவார்கள். கூடவே கூடாது. மேலும் எனக்கு ஒன்றும் நடக்கவே இல்லை.

போட்டாதாங் படகுத்துறைக்கு நம்ம கடைக் கயிறு கொடுக்கப் போகும்போது சாவடியில் பஸ்ஸை நிறுத்துவது உண்மைதான். எல்லோரும் உட்கார்ந்திருக்க, என்னை மட்டும் இறங்கச் சொல்வதும் உண்மைதான். அது மரியாதை என்று உன் உம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அடையாள அட்டையில் என் பெயர் ஊ சோ வின். நம்ம ஆளுகளுக்குப் பர்மியப் பேர் ஒன்று உண்டே. சாவடிக்காரன் அட்டையைப் பார்ப்பான், என் மூஞ்சியைப் பார்ப்பான், மறுபடியும் அட்டையைப் பார்ப்பான். "இந்தியாக்கார மூஞ்சிக்குப் பர்மாப் பேரா?" என்பான். பெற்ற பிள்ளை வயசுக்காரனிடம் "ஆமாங்க ஐயா" என்பேன். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது பேரை மாத்தினாங்க, மூஞ்சியை மாத்த யாருக்கும் தோணலையே, நான் என்ன செய்ய?

உன் உம்மா ஜஸீலா அதை நம்பிச் சும்மா இருப்பாளா? போன வாரம் தனாக்காக் கட்டையைச் சந்தனம் மாதிரி அரைத்து, "இதைப் பூசிக்கிட்டா பர்மாக்காரர் மாதிரியே இருப்பீங்க" என்று நெற்றி, கன்னம், மூக்கு பாக்கியில்லாமல் அப்பிவிட்டாள். ஊர்ப் பொம்பளைங்க கன்னத்துல வட்டமாப் பூசுறாங்க, எனக்கு வெள்ளையடிச்சுட்டா! சாவடிக்காரன் பார்த்த உடனே இறக்கிட்டான். "மூஞ்சியை ஏன் மறைச்சிருக்கே?" குழாயடியில் நிறுத்திக் கழுவச் சொன்னான். கழுவக் கழுவ நான் வெளியே வந்தேன். "பார்த்தியா, நான் சொன்னேன்ல" என்று பக்கத்திலிருந்தவனிடம் சொன்னான். பஸ்ஸே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். சிரிக்கலன்னா அனுப்ப மாட்டான் புள்ள. கைலி நனைஞ்சிருந்துச்சு, அது குழாய்த் தண்ணின்னே வச்சுக்க.

ஆக, எழுதித் தர ஒன்றுமில்லை. யாரோ ஒரு பெரியவர் என்று சொல்லிக்கொள். உன் சட்டம் நிறைவேற இருவரும் துஆ செய்கிறோம். குளிருக்குக் காதை மூடிக்கொள், பேசும்போது கையை ஆட்டாதே.

பயந்த வாப்பா,
அப்துல் பாரி

பி.கு.: ஜமால் வீட்டு வாசலில் நின்று எழுதுகிறேன். வரும் வழியில் அதே சாவடி, அதே ஆள். இந்தக் கடிதத்தை எடுத்து "என்ன எழுதியிருக்கு, படி" என்றான். தமிழ் அவனுக்குத் தெரியாது. மகளுக்குப் பிரியாணிப் பக்குவம் என்று வாய்க்கு வந்ததைப் பர்மிய மொழியில் படித்தேன். உப்பு எவ்வளவு என்று கேட்டான், சொன்னேன். பிறகு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, "தம்பி, என்னை மட்டும் ஏன் இறக்குறீங்க?" என்று கேட்டுவிட்டேன். என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தெரியல" என்றான். காரணம் அவனுக்கே தெரியாதாம் புள்ள! பேரைப் போடு. அப்துல் பாரி, ஊ சோ வின், ரெண்டு பேரையும் போடு. உம்மாகிட்ட மட்டும் சொல்லாதே.